இன்டர்வெல்லுக்குச் சில்லறை எடுத்துப் போனவன்: சேலத்தில் ஓடவும் எடை தூக்கவும் தொடங்குகிறவர்களுக்கு

"நாளைக்கு இன்டர்வெல் இருக்கிறது, தவறாமல் வந்துவிடுங்கள் அண்ணா" என்றான், மகாத்மா காந்தி விளையாட்டரங்கில் பழக்கமான கல்லூரித் தம்பி ஒருவன். எனக்கு அப்போது 43 வயது. ஓடத் தொடங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. இன்டர்வெல் என்றால் சினிமாக் கொட்டகையில் முறுக்கு வாங்கும் நேரம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் கூடி டீ குடிக்கும் நாள் போலிருக்கிறது என்று நினைத்துச் சில்லறை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே 400 மீட்டரை ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடி, கொஞ்சம் நடந்து, மறுபடி ஓடி, மறுபடி நடந்து என்று எட்டுச் சுற்று ஓடினார்கள். மூன்றாவது சுற்றில் நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். பையில் சில்லறை குலுங்கியதுதான் மிச்சம்.

அந்தச் சொல்லை நான் அவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 1930களில் ஜெர்மனியில் வோல்டெமர் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹான்ஸ் ரைண்டல் என்ற இதய மருத்துவரும் சேர்ந்து வளர்த்த முறை அது. குறுகிய தூரத்தை வேகமாக ஓடி இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 180 வரை ஏற்ற வேண்டும். பிறகு அது 120க்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இதயம் வலுப்பெறுவது அந்த ஓய்வில்தான் என்பது அவர்கள் கருத்து. முறைக்கே இடைவெளி என்று பெயர் வந்தது அதனால்தான். 90 நொடிக்குள் துடிப்பு 120க்கு வரவில்லை என்றால் அன்றைய பயிற்சி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 நொடியில் ஓடினார். அந்த உலக சாதனையை முறியடிக்க 16 ஆண்டுகள் ஆயின.

ஓட்டத்திலும் எடைப் பயிற்சியிலும் புழங்கும் சொற்களில் பாதிக்கு மேல் "போதும், நிறுத்து" என்று சொல்பவை. புதிதாக வருகிறவர்கள் அவற்றை "இன்னும், இன்னும்" என்று படித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். அதற்கு என் தொடைகள் விலை கொடுத்தன. அந்தக் கதை மலைக்குப் போகும்போது வரும். சொற்களை அகர வரிசையில் தராமல், சேலத்தில் ஒருவருக்கு அவை எந்த வரிசையில் தேவைப்படுமோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

படி 1: தடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சு வலி இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஷூ, காலுக்குப் பொருந்தினால் போதும். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். முதல் மாதமே ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் பலர் இரண்டாம் மாதம் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஓடுதளத்தின் உள்பக்கத் தடத்தில் ஒரு சுற்று 400 மீட்டர். வெளியே தள்ளிப் போகப் போக ஒவ்வொரு தடத்துக்கும் ஏறத்தாழ 7.7 மீட்டர் கூடும். எட்டாவது தடத்தில் ஒரு சுற்று சுமார் 453 மீட்டர். ஓரமாகப் பத்துச் சுற்று ஓடிவிட்டு "நான்கு கிலோமீட்டர்தான் ஓடினேன்" என்று வருத்தப்படுகிறவர் உண்மையில் நாலரை கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். ஓட வேண்டிய திசை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. உள்பக்கத்து இரண்டு தடங்கள் நேரம் பார்த்து ஓடுகிறவர்களுக்கு. நாம் நடக்கவும் மெல்ல ஓடவும் வெளித் தடங்கள் இருக்கின்றன. பின்னாலிருந்து "ட்ராக்!" என்று குரல் வந்தால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வலப்பக்கம் ஒதுங்குங்கள். மூன்று பேர் கைகோத்தபடி முதல் தடத்தில் நடந்து போகும் காட்சியைத் தினமும் பார்க்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் மகிழ்ச்சி.

அடுத்தது பேஸ். ஒரு கிலோமீட்டர் ஓட எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் அது. வண்டி ஓட்டுகிறவர்கள் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பார்கள். ஓடுகிறவர்கள் அதைத் தலைகீழாக, கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்பார்கள். உள்தடத்தில் ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் ஆனால் பேஸ் ஏழரை நிமிடம். 3 நிமிடம் 12 நொடி ஆனால் 8 நிமிடம். இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் கைக்கடிகாரத்தில் செயற்கைக்கோள் வேண்டியதில்லை.

நேரம்: சேலத்து ஏப்ரல், மே வெயிலில் ஆறரை மணிக்கு மேல் ஓடுவது வீம்பு. ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள். வெயில் காலத்தில் அதே பேஸுக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். அதனால் மார்கழியில் ஓடிய வேகத்தைச் சித்திரையில் தேடாதீர்கள்.

படி 2: ஒரு குறள் சொல்லிக்கொண்டே ஓடுங்கள்

அந்தப் பத்து நாளில் இன்னொன்றும் நடந்தது. இரைக்க இரைக்க நான் ஓடிக்கொண்டிருந்தபோது, வேட்டியை மடித்துக்கட்டிய பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து, என் வேகத்திலேயே சற்று ஓடி, "ஏன் கண்ணு, யாராவது துரத்துகிறார்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவர் சிரித்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

ஓட்ட உலகில் இதற்கு டாக் டெஸ்ட் என்று பெயர் உண்டு என்று பிறகு அறிந்தேன். ஓடும்போது பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நான் இதற்குத் திருக்குறளை வைத்துக்கொண்டேன். ஏழு சீரையும் நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். "அகர முதல எழுத்தெல்லாம்" என்பதோடு நின்றுவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு அதிகாரம் முழுக்கப் பாட முடிந்தால் நீங்கள் நடந்துகொண்டிருக்கிறீர்கள்.

இந்த மெதுவான ஓட்டத்துக்கு ஈஸி ரன் என்று பெயர். வாரக்கணக்கில் இதைச் சேர்ப்பதற்குப் பேஸ் கட்டுவது என்பார்கள். முன்னே சொன்ன பேஸ் (pace) வேறு, இது (base) வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. குழப்பம் வேண்டாம் என்று நான் இதைக் கடைக்கால் என்றே சொல்கிறேன். வீட்டுக்குக் கடைக்கால் போடுவது போலத்தான். வெளியே தெரியாது, ஆனால் அதன் மேல்தான் மாடி நிற்கும். இதை உலகத்துக்கு நிரூபித்தவர் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட். எத்தனை தூரம் தாங்கும் என்பதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர். 800 மீட்டர் மட்டும் ஓடுகிறவரைக்கூட வாரத்துக்கு 160 கிலோமீட்டர் வரை ஓட வைத்தார். ஊர் சிரித்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில், ஒரு மணி நேர இடைவெளியில், அவருடைய சீடர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். சிரிப்பு அடங்கியது.

லிடியார்டைப் பார்க்க 1962இல் பில் பவர்மன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் போனார். ஒரேகான் பல்கலைக்கழகத்தில் ஓட்டக்காரர்களை உருவாக்கியவர். ஞாயிற்றுக்கிழமை ஆக்லாந்து மக்களோடு மலைப்பாதையில் மெல்ல ஓடக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் பின்தங்கிய பவர்மனுக்குத் துணையாக வந்தவர் 70 வயதைத் தாண்டிய, மாரடைப்பு கண்ட ஒரு முதியவர். பவர்மன் பேச முடியாமல் இரைத்தார். முதியவர் கதை சொல்லிக்கொண்டே ஓடினார். ஊர் திரும்பிய பவர்மன்தான் ஜாகிங் என்ற சொல்லை அமெரிக்கா முழுவதும் பரப்பியவர்களில் முக்கியமானவர். இதைப் படித்தபோது என் வேட்டிப் பெரியவர்தான் கண்முன் வந்தார். ஊருக்கு ஒருவர் இருப்பார் போலும்.

முழுக்க ஓட முடியாதவர்களுக்கு ஓட்டமும் நடையும் கலந்த முறை இருக்கிறது. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே பிரபலமாக்கியது. ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, எட்டுத் தடவை. மொத்தம் 24 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு வாரம் கழித்து ஓட்டத்தையும் நடையையும் சமமாக்குங்கள். பிறகு நடையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நடப்பதில் வெட்கம் கிடையாது. களைத்த பிறகு நடப்பது தோல்வி போலத் தோன்றும். களைப்பதற்கு முன்பே நடப்பதுதான் இந்த முறையின் சூட்சுமம்.

படி 3: வேகத்தோடு விளையாடுங்கள்

எட்டு வாரம் இப்படி ஓடி, அரை மணி நேரம் நிற்காமல் ஓட முடிந்த பிறகுதான் வேகத்தைத் தொட வேண்டும். அதுவும் நேராக இன்டர்வெல்லுக்குப் போகாதீர்கள். ஃபார்ட்லெக்கில் தொடங்குங்கள். ஆங்கிலம் தெரிந்த பையன்கள் இந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இது சுவீடன் மொழிச் சொல். வேக விளையாட்டு என்று பொருள். கோஸ்டா ஹோல்மேர் என்ற சுவீடன் பயிற்சியாளர் 1930களில் உருவாக்கியது. பாவோ நூர்மி முதலான ஃபின்லாந்து ஓட்டக்காரர்களிடம் சுவீடன் தோற்றுக்கொண்டே இருந்த காலம் அது. தடத்தையும் கடிகாரத்தையும் விட்டுவிட்டுக் காட்டுப் பாதையில் மனம் போன போக்கில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடச் சொன்னார்.

நமக்குக் காடு வேண்டியதில்லை. கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரியை ஒட்டிய சாலையில் விளக்குக் கம்பங்கள் போதும். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை விரைவாக, பிறகு மூச்சு சீராகும்வரை மெதுவாக. நாய் வந்தால் அது முடிவு செய்யும் வேகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், வாழ்நாளில் முதல் தடவையாக ஓடிய மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற எமில் சாட்டோபெக் ஒரே நாளில் 400 மீட்டரை 60 தடவை ஓடிப் பயிற்சி செய்தவர். அதைக் கேட்டுவிட்டு மறுநாள் பத்துத் தடவையாவது ஓடிப் பார்க்கத் தோன்றும். புதியவருக்கு நான்கு போதும். கடைசிச் சுற்று முதல் சுற்றின் நேரத்திலேயே முடிய வேண்டும், பின்தங்கினால் நிறுத்திவிடுங்கள்.

கேடென்ஸ் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்பது. ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்க உடலியலாளர் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணிப் பார்த்து, அநேகமாக எல்லோரும் 180க்குக் குறையாமல் வைப்பதைக் கண்டார். அவர்கள் பந்தய வேகத்தில் ஓடியவர்கள். மெல்ல ஓடும் நாம் 180ஐ மந்திரம்போல் பிடித்துக்கொள்ள வேண்டாம். காலை முன்னால் எட்டிப் போட்டுக் குதிகாலால் இடிக்காமல் இருந்தால் போதும்.

அதே 1984 ஒலிம்பிக்கில்தான் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடியில் முடித்து, நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். அந்த 55.42 தேசிய சாதனையாக 39 ஆண்டுகள் நின்றது. 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் சரியாக அதே 55.42இல் ஓடினார், இறுதிப் போட்டியில் வெண்கலமும் வென்றார். நூறில் ஒரு பங்கு நமக்கு வேண்டாம். ஆனால் ஒரு நோட்டு வேண்டும். தேதி, தூரம், நேரம், தூக்கம் எப்படி என்று நாலு சொல். உங்கள் சொந்தச் சிறந்த நேரத்துக்குப் பி.பி. என்று பெயர், பெர்சனல் பெஸ்ட் என்பதன் சுருக்கம். பக்கத்தில் ஓடுகிறவருடைய நேரத்துக்கு ஒரு பெயரும் கிடையாது.

படி 4: இரும்பைத் தொடுங்கள்

ஓடுகிறவர்கள் எடை தூக்கினால் உடம்பு கனத்துவிடும் என்பார்கள். எடை தூக்குகிறவர்கள் ஓடினால் தசை கரைந்துவிடும் என்பார்கள். வாரம் இரண்டு நாள் ஜிம்முக்கும் மூன்று நாள் தடத்துக்கும் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டுமே நடக்காது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தரையிலிருந்து தலைக்கு மேல் தூக்கும் ஒலிம்பிக் விளையாட்டு பளுதூக்குதல். அதில் இரண்டு வகை: ஒரே மூச்சில் மேலே கொண்டுபோவது ஸ்னாட்ச், தோளுக்கு ஏற்றி நிறுத்தி, பிறகு மேலே தள்ளுவது கிளீன் அண்ட் ஜெர்க். நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் 149, ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார்; 2018இலும் தங்கம். 2000 சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலமும், டோக்கியோவில் மீராபாய் சானு வெள்ளியும் வென்றது இந்த விளையாட்டில்தான். பவர்லிஃப்டிங் வேறு: தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்தபடி நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தொடைவரை தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் என்று மூன்று. பாடிபில்டிங் என்பது தூக்கும் எடைக்கு அல்ல, தசையின் அமைப்புக்கு மதிப்பெண். மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பயிற்சியாளரிடம் கேட்டால் அவர் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிக் கொடுப்பார்.

ஒரு தடவை தூக்கி இறக்கினால் ஒரு ரெப். நிறுத்தாமல் செய்யும் ரெப்புகளின் கூட்டம் ஒரு செட். ஜிம்மில் எங்கும் கேட்கும் "மூன்று செட், பத்து ரெப்" எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்ட அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் தாமஸ் டெலார்ம், காலுக்கு ஓய்வு கொடுப்பதைவிட எடை கொடுப்பது நல்லது என்று கண்டு 1945இல் எழுதினார். பின்னர் அவர் வகுத்த முறையில், பத்துத் தடவை மட்டும் தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடித்து, அதில் பாதியில் ஒரு செட், முக்காலில் ஒரு செட், முழு எடையில் ஒரு செட். அதாவது மூன்றில் ஒன்றுதான் கடினம். இன்று மூன்று செட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முழு எடையில் செய்கிறோம்.

எடையைச் சிறுகச் சிறுகக் கூட்டுவதற்குப் புரோகிரஸிவ் ஓவர்லோட் என்று பெயர். கிரேக்க மல்லன் மைலோ கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் தூக்கினானாம். கன்று வளர்ந்து காளையானபோது காளையையே தூக்கினானாம். கதைதான். நம் தென் மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் உண்டு. அதைத் தோளுக்கு மேல் ஏற்றிப் பின்பக்கம் போடுகிறவனுக்குத்தான் பெண் என்பார்கள். ஆனால் கல் ஒரே எடைதான், கூட்டிக்கொண்டு போக வழியில்லை. இரும்பின் வசதி அதுதான்: பக்கத்துக்கு 1.25 கிலோ என்று இரண்டரை கிலோ கூட்டலாம். சின்ன பிளேட், அதாவது கம்பியில் மாட்டும் எடை வட்டு, போட வெட்கப்படுகிறவர்கள் சீக்கிரம் நின்றுவிடுவார்கள்.

போட்டிக்கான ஆண்கள் கம்பி 20 கிலோ, பெண்கள் கம்பி 15 கிலோ. எல்லா ஜிம்மிலும் அப்படி இருக்காது. நான் முதலில் போன ஜிம்மில் 60 கிலோ ஸ்குவாட் செய்கிறேன் என்று இரண்டு மாதம் வீட்டிலும் கடையிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எடை மிஷினில் கம்பியை வைத்துப் பார்த்தோம், 11 கிலோ. ஒன்பது கிலோ பெருமை அன்றோடு போயிற்று. நீங்கள் முதல் நாளே எடை போட்டு நோட்டில் எழுதிவிடுங்கள்.

ஸ்குவாட் நமக்குப் புதியது இல்லை, பஸ்கிதான். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இடுப்பும் கணுக்காலும் ஓரளவு வளையும். டெட்லிஃப்ட்தான் பயமுறுத்தும். அதை மெதுவாகப் பார்ப்போம்.

தரையில் கிடக்கும் கம்பியின் முன் நில்லுங்கள். மேலிருந்து பார்த்தால் கம்பி உங்கள் ஷூ லேஸ் முடிச்சுக்கு நேர் மேலே தெரிய வேண்டும். குனிந்து, முழங்கால்களுக்கு வெளியே கம்பியைப் பிடியுங்கள். முன்னங்கால் எலும்பு கம்பியைத் தொடும்வரை முழங்காலை மடக்குங்கள்; கம்பியை நகர்த்தாதீர்கள். நெஞ்சை நிமிர்த்துங்கள். வயிறு நிறைய மூச்சு இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல் இறுக்குங்கள். இதற்குப் பிரேசிங் என்று பெயர். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்காமல், தூக்கும்போது வெளியே விடுங்கள். இப்போது கம்பியை மெல்ல மேல்நோக்கி இழுத்தால், கம்பிக்கும் பிளேட் துளைக்கும் நடுவே இருக்கும் தளர்வு போய் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் தரையைக் காலால் அழுத்தி எழ வேண்டும். சத்தம் வருமுன் வெடுக்கென்று இழுப்பவர்களுக்குத்தான் முதுகு பிடிக்கிறது. கம்பி கால் மேலேயே உரசிக்கொண்டு ஏறட்டும். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை தூக்கும் தொழிலாளர்களைக் கவனியுங்கள். மூட்டையை உடம்போடு ஒட்டி வைத்த பிறகுதான் எழுவார்கள். ஃபார்ம் என்று ஜிம்மில் சொல்லும் சரியான உடல் நிலையை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொரு நுணுக்கம். போட்டி பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதனால் கம்பி தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். சின்ன இரும்பு பிளேட் போட்டால் கம்பி தாழ்ந்துவிடும், முதுகு வளையும். பிளேட்டுகளுக்கு அடியில் தடித்த ரப்பர் பாயோ பலகையோ போட்டு உயர்த்துங்கள்.

ஒன் ரெப் மேக்ஸ் என்பது ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற உச்ச எடை. புதியவர்கள் அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. கணக்குப் போட்டால் போதும். அமெரிக்க எடைப் பயிற்சியாளர் பாய்ட் எப்லியின் சூத்திரம் எளிது: ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்குங்கள். 40 கிலோவைப் பத்துத் தடவை தூக்கினால் உச்சம் சுமார் 53 கிலோ. ஆர்.பி.இ. என்பது எவ்வளவு கடினமாக உணர்கிறோம் என்பதற்கான மதிப்பெண். சுவீடனின் குன்னர் போர்க் 6 முதல் 20 வரை வைத்திருந்தார், ஜிம்மில் பத்துக்குச் சொல்கிறார்கள். எட்டு என்றால் இன்னும் இரண்டு ரெப் மீதி இருக்கிறது என்று பொருள். அந்த இரண்டை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு தடவை எடையைக் கணிசமாகக் குறைப்பது டிலோட். பெஞ்ச் பிரஸ் செய்யும்போது தலைமாட்டில் நின்று காப்பவர் ஸ்பாட்டர். யாரும் இல்லை என்றால் கம்பியின் பூட்டுகளைப் போடாதீர்கள். சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை விழவிடலாம். சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஒற்றைக்கால் பயிற்சிகளை விடாதீர்கள். ஓட்டம் என்பதே மாறி மாறி ஒற்றைக்காலில் நிற்பதுதான். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் வலது கால் மீது பஸ் ஏறியதால் பாதிப்புக்கு உள்ளானவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிசில் வெண்கலம். விளையாட்டரங்கின் பார்வையாளர் படிக்கட்டில் ஒரு காலால் ஏறி, அதே காலால் மெதுவாக இறங்கிப் பாருங்கள். பத்துத் தடவை செய்தால் அந்த 1.89 எவ்வளவு உயரம் என்று தொடை சொல்லும்.

படி 5: மலைக்குப் போங்கள், இறக்கத்தை மட்டும் நம்பாதீர்கள்

ஆறாம் மாதம், சேர்ந்து ஓடும் எங்கள் நால்வருக்கும் ஒரு யோசனை வந்தது. ஏற்காட்டுக்குக் காலைப் பஸ்ஸில் ஏறிப் போய், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடியே இறங்கி அடிவாரம் வந்துவிடலாம். இறக்கம்தானே! உண்மையில் மூச்சே வாங்கவில்லை. காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, குளிர் காற்று. குறள் என்ன, புராணமே சொல்லியிருக்கலாம். கீழிருந்து எண்ணினால் எட்டாவது வளைவுக்கு வந்தபோது தொடை தானாக நடுங்கத் தொடங்கியது. ஆறாவதில் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குரங்குகள் என்னை ஆர்வத்தோடு பார்த்தன. அடிவாரம்வரை நடந்தேன். மறுநாள் வலித்தது, அதற்கு மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. "நாற்காலி கேட்கிற வயசில் மலை கேட்கிறதா?" என்றாள் மனைவி. பதில் இல்லை.

இதற்கு டாம்ஸ் என்று பெயர். தாமதமாக வரும் தசைவலி. ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை உச்சத்தில் இருக்கும். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று பலர் சொல்வார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும், மறுநாள் வலிக்கு அது காரணமில்லை. தசை சுருங்கி வேலை செய்வது கான்சென்ட்ரிக். நீண்டுகொண்டே எடையைத் தாங்குவது எக்சென்ட்ரிக். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் தொடை பிரேக் போடுகிறது. லாரி பிரேக் சூடாவதுபோல்தான். மூச்சு வாங்காததால் நமக்குத் தெரிவதில்லை. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் என்ற சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டம் ஓராண்டு ஏற்றமாகவும் மறு ஆண்டு இறக்கமாகவும் போகும். இறக்க ஆண்டுதான் தொடையைத் தின்னும் என்பது அங்கே ஓடியவர்களின் பொதுப் பேச்சு. நல்ல செய்தி ஒன்று: சின்ன இறக்கம் ஒன்றை ஓடிப் பழகினால் அடுத்த சில வாரங்களுக்குத் தசை தன்னைக் காத்துக்கொள்ளும். கெட்ட செய்தி: அளவு மீறிய வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது.

இன்னொரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் ஓடினால் ரத்தம் ஊறும், கென்யாக்காரர்கள் அப்படித்தான் ஜெயிக்கிறார்கள் என்பார்கள். கென்யாவின் இட்டென் ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர்தான். உயரப் பயிற்சியின் பலன் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல், அதுவும் வாரக்கணக்கில் தங்கினால்தான். ஞாயிற்றுக்கிழமை போய் வந்தால் கிடைப்பது குளிர்ச்சியும் ஏற்றமும். மே மாதத்துச் சேலத்துக்காரனுக்கு அதுவே பெரிது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைச்சாலையில் ஓட வேண்டாம். வளைவில் வரும் பஸ் உங்களைப் பார்க்காது. நன்றாக விடிந்த பிறகு ஏற்காட்டில் இறங்கி ஏரிப் பக்கம் பத்து நிமிடம் நடங்கள். தனியாகவும் இருட்டிலும் போகாதீர்கள், காட்டுமாடு நடமாட்டம் உண்டு. பிறகு சேர்வராயன் கோயில் சாலையில் மெல்ல ஏறுங்கள். சிறிய அடி, முன்னால் சற்றே சாய்ந்த உடம்பு, பார்வை பத்தடி தூரத்தில். பேஸைப் பார்க்காதீர்கள், ஏற்றத்தில் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. குறள் நின்றால் நடங்கள். செங்குத்தான இடத்தில் முப்பது நொடி வேகமாக ஏறி, நடந்தே இறங்கி, நான்கு தடவை செய்தால் அதுதான் ஹில் ரிப்பீட். லிடியார்டின் ஆட்கள் வாரக்கணக்கில் மலையில் செய்தது இந்த வகை வேலைதான்.

முடிந்ததும் கடைத்தெருவுக்கு வந்து டீ குடியுங்கள். கீழே இறங்குவதைப் பஸ்ஸிடம் விட்டுவிடுங்கள். டீக்கும் டிக்கெட்டுக்கும் மறக்காமல் சில்லறை எடுத்துப் போங்கள்.